சுறாக்களின் விலாசம்

கனடாவுக்குக் கடிதம் அனுப்ப வருகிறவரிடம் எங்கள் உப தபாலகத்துப் போஸ்ட்மிஸ் முதலில் உறையை வாங்கி நிறுக்கமாட்டார்.

"கனடாவில எந்தப் பக்கம்?" என்று கேட்பார்.

கிழக்குக் கரையா மேற்குக் கரையா என்பது அவருக்கு முக்கியம். கிழக்கென்றால் ஒரு சுறா, மேற்கென்றால் வேறொரு சுறா. ரொறன்ரோ என்று சொல்லிவிட்டால் முகம் வாடிப்போகும்.

"அது ஏரிக்கரைதானே. அங்க ஒண்டும் இல்ல. வன்கூவர் பக்கம் போகச் சொல்லுங்க. அங்க ஒரு சுறா இரிக்கு, அதுக்குச் செவுள்ப் பிளவு ஆறு. மற்றச் சுறாவுகளுக்குக் கூடுதலா அஞ்சுதான்."

"மகன் அங்க கடையில கோப்பை கழுவுறான் மிஸ்" என்பார் கடிதம் கொண்டுவந்த தாய், எதுவும் விளங்காமல்.

"பரவாயில்ல. லீவு கிடைக்கிற நேரம் போகட்டும்."

அதற்குப் பிறகுதான் தராசு, முத்திரை எல்லாம்.

நான் அந்த உப தபாலகத்தின் தபால்காரன். மிஸ்ஸைவிட இரண்டு வயது மூத்தவன். அவர் என்னை அண்ணன் என்பார். நான் மிஸ் என்பேன். ஏழு வருசம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தோம். கூரை என்பது கொஞ்சம் கூடுதலான சொல். மேற்கு மூலையில் ஷெல் பட்டு ஓடுகள் போனபிறகு அந்த இடத்தை ஒரு தறப்பாளால் மூடியிருந்தோம். காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். பின்பக்கம் வாவி. முன்பக்கம் ஒழுங்கை. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஆமி காம்ப்.

நகரத்தில், புளியந்தீவில் இருந்து தபால் பை வரவேண்டும். ஆமி பாதையைத் திறந்தால் வரும். மூடினால் நாலு நாள், ஐந்து நாள் வராது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்து விழும். ஊரின் பாதிப் பிள்ளைகள் அப்போது வெளிநாட்டில். ஆகவே பை வருகிற நாளில் தபாலக வாசலில் கோயில் சனம் மாதிரி ஆட்கள் நிற்பார்கள். அந்தச் சனத்துக்கு நடுவே மிஸ் ஒவ்வொரு உறையையும் தூக்கிப் பிடித்து, முத்திரையைப் பார்த்து, "நோர்வே!", "கட்டார்!", "அவுஸ்திரேலியா!" என்று கூப்பிடுவார். பேரை அதற்குப் பிறகுதான் வாசிப்பார்.

சுவிஸ் என்றால் அவருக்கு உண்மையாகவே பரிதாபம். ஒருமுறை, மகனுக்குச் சுவிசில் விசா கிடைத்துவிட்டது என்று ஒரு தகப்பன் சீனிப் பணியாரத்தோடு வந்தார். மிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல சந்தோசம் அண்ணன். ஆனா கடல் இல்லாத நாடு. ஒரு சுறாவும் இல்ல, பாவம்."

அந்த மனிதர் கோபிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பக்கத்தில இத்தாலி இரிக்கு மிஸ். அங்க கடல் இரிக்காம்" என்றார்.

"ஆ! அப்ப சரி" என்று மிஸ் இரண்டாவது பணியாரத்தை எடுத்தார்.

மிஸ்ஸுக்கு ஒரு நட்டுக் கழண்டுவிட்டது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கும் முதல் வருசம் அப்படித்தான் பட்டது. ஏனென்றால் அவர் கடற்கரை ஆளே இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வட்டையில் வேளாண்மை செய்கிற குடும்பம். வயலும் எருமையும் வாய்க்காலும்தான் அவர் வளர்ந்த உலகம். அப்போதெல்லாம் வேலைக்கு வர வாவியைக் கடக்கத் தோணியில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டும் என்று கையில் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, வைத்து மணந்துகொண்டு வருவார். அப்படிப்பட்டவருக்குச் சுறாவில் என்ன இவ்வளவு பிடிப்பு என்று ஒருநாள் கேட்டேன். மாலைதீவில் இருந்து வந்த ஒரு முத்திரையில் கொம்பன் சுறாவின் படத்தைப் பார்த்தாராம். தலை சுத்தியல் மாதிரி. இப்படியொன்று எங்கே குடியிருக்கும் என்று தேடத் தொடங்கினாராம். அவ்வளவுதான் என்றார்.

"எல்லாத்துக்கும் ஒரு இடம் இரிக்கு அண்ணன். சூடான தண்ணிக்கு ஒண்டு, ஐஸ் தண்ணிக்கு ஒண்டு. வெளிச்சமே இறங்காத ஆழத்துக்கும் ஒண்டு. எங்க இரிக்குதெண்டு தெரிஞ்சாக் காணும், எனக்குச் சந்தோசமா இரிக்கு."

நான் அதைக் கேட்ட நேரம் அவருடைய ஊர் இல்லை. ஆமியின் ஒரு சுற்றிவளைப்புக்குப் பிறகு எல்லாரும் ஊரைவிட்டு எழும்பி வந்துவிட்டார்கள். வீடு எரிந்துபோனது. அதைப்பற்றி அவர் பேசமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

பூமணியக்காவின் மகன் நோர்வேயில் இருந்தான். வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எட்டு மாதமாக அவனிடம் இருந்து கடிதம் இல்லை. பூமணியக்கா ஒவ்வொரு பை வருகிற நாளும் வந்து மதில் ஓரம் நிற்பார். இல்லை என்று சொல்லுகிற வேலை எனக்கு. அந்த வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஊரார் ஆளுக்கொரு கடிதம் அவனுக்குப் போட்டார்கள். தாயை மறந்துவிட்டாயா, நன்றி இல்லையா என்றெல்லாம் எழுதினார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மிஸ்ஸும் ஒரு வான்கடிதம் எழுதினார். என்ன எழுதியிருக்கிறார் என்று வாங்கிப் பார்த்தேன். தம்பி, உங்கள் கடலில் ஆழத்தில் ஒரு சுறா இருக்கிறதாம், ஆமையைப்போல மெதுவாக நீந்துமாம், அதன் கண்ணில் ஒரு ஒட்டுண்ணி தொங்குமாம், இது உண்மையா என்று அங்குள்ள பழைய தொழிலாளர்களிடம் விசாரித்து எழுதவும். அவ்வளவுதான். தாயைப்பற்றி ஒரு சொல் கிடையாது.

"இதென்ன மிஸ்?" என்றேன். "தாய் அழுதுகொண்டு நிக்கிறா. நீங்க சுறாவைக் கேக்கிறீங்க."

"கேட்டுப் பாப்பம்" என்றார்.

ஆறாவது வாரம் பதில் வந்தது. மூன்று தாள், இரண்டு பக்கமும் எழுத்து. மிஸ் அதைப் பூமணியக்காவுக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். உண்மைதான் மிஸ், ஒட்டுண்ணி இரிக்கு, அது கண்ணைத் தின்றுவிடும், சுறா அரைக் குருடாகத் திரியும். முந்தி ஈரல் எண்ணெய்க்காகப் பிடித்தார்களாம். பச்சை இறைச்சி நஞ்சு. அதைத் தின்ற நாய் கள்ளுக் குடித்த ஆள் மாதிரித் தள்ளாடுமாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஐஸ்லாந்தில் அதையே புளிக்கவைத்துக் கருவாடு போட்டுத் தின்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற கிழவன் ஒருதரம் எனக்குத் தந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன்.

நாய் தள்ளாடுகிற இடத்தில் பூமணியக்கா சிரித்துவிட்டார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடைசித் தாளின் அடியில் இருந்தது: "அம்மாட்டச் சொல்லுங்க, நான் நல்லா இரிக்கன். என்ன எழுதுறதெண்டு தெரியாமத்தான் எழுதல்ல. இஞ்ச இப்ப சூரியன் வாறதில்ல. ரெண்டு மாசமா இருட்டு. அதை எப்படி அம்மாவுக்கு எழுதுற?"

மிஸ் அதை ஒருதரம் வாசித்துவிட்டுப் பூமணியக்காவின் கையில் தாளைக் கொடுத்தார். எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த மனிசி தாளை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "குளிரும் என்ன புள்ள, குளிரும்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார். பிறகு மாதம் ஒரு கடிதம் தவறாமல் வந்தது. தாய்க்கு ஒரு பக்கம், மிஸ்ஸுக்கு ஒரு பக்கம்.

அந்தச் செய்தி ஊரில் பரவியதும் ஆட்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். "மிஸ், இதில உங்கட சுறாக் கேள்வியையும் ஒண்டு எழுதிவிடுங்க." ஏறாவூரில் இருந்து சைக்கிளில் புடவை கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், நாங்கள் காக்கா என்போம். அவருடைய மகன் கட்டாரில் எண்ணெய் எடுக்கிற கடல் மேடையில் வேலை. அவர் புடவைக் கட்டைக்கூட இறக்காமல் வாசலில் நின்றே கூப்பிட்டார்:

"மிஸ்! மகன் எழுதியிரிக்கான். மேடையைச் சுத்தி பஸ் அளவில மீனாம். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியாம். பல்லால கடிக்காதாம், வாயைத் திறந்துகொண்டு தண்ணியைக் குடிச்சிட்டுப் போகுதாம். இது உங்கட ஆள்தானே?"

"எங்கட ஆள்தான் காக்கா!" என்று மிஸ் கவுண்டரை விட்டு எழும்பி ஓடிவந்தார். "அதுதான் உலகத்திலேயே பெரிய சுறா. மாலைதீவில இரிக்கு, எங்கட கடலிலயும் வரும். கட்டாரில இரிக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அன்று காக்காவிடம் ஒரு சேலை வாங்கினார். தேவை இருந்து வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த விலாசங்களையெல்லாம் அவர் ஒரு படத்தில் குறித்துவந்தார். கூரை போன ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்த, துணியில் ஒட்டிய பெரிய உலகப் படம். உள்ளறைச் சுவரில் தொங்கும். கடல் முழுக்கப் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து. கொம்பன், பால், வெள்ளை, புள்ளி என்று சுருக்கமாக எழுதுவார். ஸ்கொட்லாந்துக்குப் பக்கத்தில் 'வாய்திறந்தான்' என்று இருக்கும். தென்னாபிரிக்கா, தென் அவுஸ்திரேலியா, கலிபோர்னியா மூன்றிலும் 'வெள்ளை'. கடிதத்தில் உறுதியானது என்றால் ஒரு சிவப்புப் புள்ளி.

புலிச்சுறாவை 'புலி' என்று எழுதியிருந்தார். சூடான கடலெல்லாம் அதற்கு வீடு. ஆகவே படத்தில் கூடுதலாக இருந்த பேர் அதுதான்.

எனக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. தினமும் பார்க்கிற படம்.

ஒருநாள் காலை பத்து மணிபோல் ஆமி சோதனைக்கு வந்தது. வழமையான சோதனைதான். பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள், அலுமாரியைத் திறப்பார்கள், போவார்கள். அன்று வந்தவர்களில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். உள்ளறைக்குப் போனவன் வெளியே வரவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பு...லி. பு...லி. புலி."

பிறகு சத்தம் நின்றது. மற்றவர்களும் உள்ளே போனார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அவனுடைய விரல் ஹவாயில் இருந்து புளோரிடாவுக்குப் போனது, அங்கிருந்து மொசாம்பிக், மாலைதீவு, அவுஸ்திரேலியா. கடைசியில் எங்கள் கடலுக்கு வந்து நின்றது. அங்கே மிஸ்ஸின் அழகான கையெழுத்தில் இருந்தது: 'புலி. குறைவு. விசாரிக்க வேண்டும்.'



படத்தைச் சுருட்டிக்கொண்டு மிஸ்ஸை நடக்கச் சொன்னார்கள். சின்ன வயதில் பொலன்னறுவையில் அரிசி ஆலையில் வேலை செய்தபடியால் எனக்குச் சிங்களம் ஓடும். மொழிபெயர்க்க வாறன் என்று நானும் பின்னால் போனேன். ஒழுங்கையில் ஒரு படலையும் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் ஆள் நிற்பது தெரிந்தது. அப்படிப் போன பலர் திரும்பி வராத காலம். மிஸ் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்தார்.

காம்பில் இருந்த அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். படத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு விரலை வைத்து என்னிடம் கேட்டான்.

"இதெல்லாம் கொட்டியா?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினேன்.

"ஓம், புலிதான்" என்றார் மிஸ். "உடம்பில கோடு கோடா இரிக்கும். ஆமை, கடல்குருவி, போத்தல், தகரம் எல்லாம் விழுங்கும். சொல்லுங்க அண்ணன், சரியாச் சொல்லுங்க."

"கொட்டி மோரா, சேர்" என்றேன். "மோரா. சுறா. இந்த நோனா சுறாக்கள் இருக்கிற இடத்தைக் குறிக்கிறவ."

"எதற்காக?"

அதை மொழிபெயர்த்துக் கேட்டேன். மிஸ் யோசித்தார்.

"சும்மாதான்" என்றார்.

அந்தக் காலத்தில் 'சும்மா' என்ற பதிலை எந்தக் காம்பிலும் யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. அதிகாரியின் முகம் இறுகியது. சாட்சி என்ன என்று கேட்டான். மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், அலுமாரியில பிஸ்கட் டின் இரிக்கு. கொண்டு வாங்க."

அந்த டின்னில் இருந்தவை வெளிநாட்டுக் கடிதங்கள். பதினைந்து நாட்டில் இருந்து இளந்தாரிகள் அவருக்கு எழுதியவை. அதைக் கொண்டுவந்தால் கதை இன்னும் மோசமாகும் என்று எனக்குப் பட்டது. தமிழில் மெதுவாகச் சொன்னேன்: "மிஸ், வேணாம்."

"அதில சுறாவைத் தவிர வேற என்ன இரிக்கு? கொண்டு வாங்க."

ஒரு சிப்பாயோடு போய்க் கொண்டுவந்தேன். அதிகாரி தன் கையால் ஒன்றை உருவித் தமிழ் தெரிந்தவனிடம் கொடுத்தான். அது பூமணியக்காவின் மகன் எழுதியது. அவன் எழுத்துக்கூட்டி வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாய் வெறியில் தள்ளாடுகிற இடம் வந்தபோது வாசித்தவனே சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. இன்னொன்றை உருவினான். கட்டார். இன்னொன்று. சிட்னி. எல்லாவற்றிலும் சுறா. பத்தாவது கடிதத்தில் அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். கதிரையில் சாய்ந்து மிஸ்ஸைப் பார்த்தான். சிரிப்பை அடக்கமுடியாமல் அவன் வாய் ஓரம் துடிப்பதைக் கண்டேன்.

அந்த நேரத்தில் மிஸ் கேட்டார்: "சேர் எந்த ஊர்? கடல் பக்கமா?"

இதை நான் மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று நின்றேன். அதிகாரிக்கே விளங்கிவிட்டது.

"தங்காலை" என்றான்.

"அங்க என்ன சுறா?"

அதிகாரி படத்தில் தங்காலையில் விரலை வைத்தான். பிறகு அந்த மனிதன் மெல்லச் சொல்லத் தொடங்கினான். அவனுடைய தகப்பன் மீன்பிடிகாரர். நல்ல ஆழத்தில் தூண்டில் விட்டுச் சின்னச் சுறாக்களைப் பிடிப்பாராம், ஈரல் எண்ணெய்க்கு. கறுப்புத் தோல். மேலே இழுத்து வரும்போது கண் இரண்டும் பச்சையாக ஒளிருமாம். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தானாம்.

மிஸ் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "பச்சையா! எவ்வளவு ஆழத்தில? கேளுங்க அண்ணன், கெதியாக் கேளுங்க!"

அவன் சொன்னான். மிஸ் மேசையில் கிடந்த அவனுடைய பென்சிலையே எடுத்து, அவனுடைய கையை ஒதுக்கிவிட்டு, தங்காலைக்குக் கீழே எழுதினார்: 'பச்சைக்கண்ணன்.' பிறகு நிமிர்ந்து, "சிவப்புப் புள்ளி வைக்கலாம்தானே?" என்று கேட்டார். அதிகாரி தலையை ஆட்டினான். எங்களுக்குப் பிளேன்டீ வந்தது.

படத்தைத் திருப்பித் தந்தான். ஒரு நிபந்தனை. 'புலி' என்ற சொல் இருக்கக்கூடாது. இன்னொரு பிரிவு வந்து பார்த்தால் தன்னால் உதவமுடியாது என்றான். அழிறப்பர் ஒன்றும் தந்தான். மிஸ்ஸும் நானும் அந்த மேசையிலேயே குனிந்து நின்று, ஒவ்வொரு கடலாக அழித்து, 'வரி' என்று எழுதினோம். முடிய மூன்று மணியாகிவிட்டது.

"பேர் மாறினா மாறட்டும்" என்றார் மிஸ், வெளியே வந்ததும். "இடம் சரியா இரிக்குதானே."

ஒழுங்கையில் எல்லாப் படலையும் திறந்திருந்தது. பூமணியக்கா ஓடிவந்து மிஸ்ஸைக் கட்டிப்பிடித்து, முதுகில் இரண்டு அடி போட்டார். "உனக்கு வேற வேலை இல்லையா புள்ள! வேற வேலை இல்லையா!" மிஸ் சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான். அன்று பின்னேரம் யாருக்கும் தபால் கொடுக்கவில்லை. ஒருவரும் அதைக் குறைசொல்லவில்லை.

பிறகு சமாதான காலம் ஒன்று வந்தது. பாதைகள் திறந்தன. என் மனைவியின் தமக்கை கடற்கரை ஊரான கதிரவெளியில் இருந்தார். பல வருசம் போகாத இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் தேசிக்காயை மணந்தபடி வந்தார். ஆமி, இயக்கம் இரண்டு பக்கத்துச் சோதனைச்சாவடியிலும் இறங்கி அடையாள அட்டை காட்டி, வெயில் ஏறத்தான் போய்ச் சேர்ந்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே சுறா இருக்கிறதா என்று மிஸ் வழமைபோலக் கேட்டார். அவர் தலையை நிமிர்த்தாமலே, "ஓ, குட்டிகள் இரிக்கு. கல்லுப்பக்கம் மேயுது. முழங்கால்த் தண்ணிக்குள்ள வரும். செட்டை நுனி கறுப்பு" என்றார்.

மிஸ் என் மனைவியின் பக்கம் திரும்பினார். கூச்சத்தோடு சொன்னார்: "நான் உயிரோட ஒண்டும் கண்டதில்ல மச்சாள். சந்தையில வெட்டி வச்சதுதான்."

எனக்குத் திக்கென்றது. இத்தனை வருசமாக உலகத்துச் சுறாவுக்கெல்லாம் விலாசம் எழுதியவர்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் கண்ணாடி. வயிற்றைப் பிரட்டவில்லைபோலும், தேசிக்காய் மணலில் கிடந்தது. கல்லுப்பக்கம் போய் அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முழ நீளத்தில் ஒன்று, மணல் நிறத்தில், செட்டை நுனியில் மை தொட்டதுபோலக் கறுப்போடு, அவருடைய காலைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் இன்னொன்று. பின்னால் இரண்டு.

மிஸ் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். செருகல் கழன்று சேலை தண்ணீரில் விழுந்து பூமாதிரி விரிந்தது. அதைக் கவனிக்கவே இல்லை. என் மனைவி கரையில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

வீதியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அன்றைக்குக் கடைசி பஸ். நான் கையை வீசினேன், கூப்பிட்டேன். ஹோர்ன் இன்னும் இரண்டுதரம் அடித்து, பிறகு தூரத்தில் போய்த் தேய்ந்தது.

"பஸ் போயிட்டு மிஸ்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேசாதே என்று ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"போகட்டும் அண்ணன். இஞ்ச இன்னும் ஒண்டு வருது."